குகையைக் கூட்டும் எலி

“நாற்பத்தோராவது ஆளும் இளவரசியைக் கொன்னுட்டான்யா!” கதைப்பிரிவுத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். “அதே கத்தி, அதே பால்கனி. கருமம்!”

“கொல்றதுக்கு முன்னாடி காதலிச்சானா சார்?” எதிர் மேசையிலிருந்து படம் வரையும் பெண் கேட்டாள்.

“மூணு பக்கத்துக்குக் காதலிச்சான். படிச்சா குமட்டுது.”

வேலை நடப்பது வீடியோ கேம் கம்பெனியில். தங்களுடைய ‘சேற்றுக்கோட்டை’ விளையாட்டை வைத்து யாரும் எழுதாத புதுக் கதை எழுதி அனுப்புங்கள் என்று ரசிகர்களுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். வந்து குவிந்ததெல்லாம் அரைத்த மாவு.

முதலாளியம்மா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “அஞ்சு மணிக்குள்ள புதுசா ஒரு கதை என் மேசைக்கு வரணும். இல்லேன்னா கதைப்பிரிவு எதுக்கு? பூட்டிடலாம்.” சொன்னால் செய்கிறவர் அவர்.

தலைவர் அடுத்த கதையைத் திறந்தார். கீழே யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கி, கொஞ்ச நேரம் கழித்து ஈரத் தரையில் இறக்கினார். மென்று சலித்த சூயிங்கத்தோடு கை மேசைக்கு அடியில் போய், வெறுங்கையாகத் திரும்பியது.

கதையை அனுப்பியவர் தன் பெயரைச் ‘சுண்டெலி’ என்று போட்டிருந்தார். முதல் பத்தியிலேயே தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நம்ம விளையாட்டுல சேற்றுப்பூதத்தோட குகையில ஒரு எலி இருக்கா என்ன?”

“இருக்கு சார். மூலையில துடைப்பத்தோட ஓடும். நான்தான் ஒரு ஆசைக்கு வரைஞ்சேன்.” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “வாளைத் தூக்கிட்டு ஓடுறவங்க யாரும் அதைப் பாக்கறதில்லை. விளையாடாம சும்மா பின்னாடி நின்னு பாக்கறவங்க கண்ணுலதான் படும்.”

“அந்த எலி சொல்ற மாதிரியே முழுக் கதையும் போகுது. விளையாட்டு வந்து எட்டு வருஷத்துல எவனுக்கும் தோணலையே!”

சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பூதம் பாதி மென்ற எலும்பைப் பாறைக்கு அடியில் ஒட்டி வைக்கிறது. எலி மல்லாக்கப் படுத்துக் கத்தியால் சுரண்டி எடுக்கிறது. பதினோரு மண்டையோட்டில் குடிக்கும் பூதம், பாசி பிடிக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மிச்சம் வைக்கிறது. நகத்தைக் கடித்து, விழுந்த இடத்தில் விழட்டும் என்று துப்புகிறது.

“உவ்வே! இதெல்லாம் ஒரு பிறவியா?” தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

கடைசிப் பத்தியை மெதுவாகப் படித்தார். “தினமும் இரண்டு வேளையும் எலி பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான்: ‘சாமி, காலைக் கொஞ்சம் தூக்குங்க.’ பூதமும் தூக்கும். நூறு வருஷமாகியும், பேசியது யார் என்று அது ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.”

“பாவம் சார் அந்த எலி” என்றாள் படம் வரையும் பெண்.

முதலாளியம்மா ஒரே மூச்சில் படித்து முடித்தார். “இதுதான்யா கதை! அடுத்த விளையாட்டே இதை வச்சுத்தான். எழுதினவங்க ஒத்துக்கிட்டா உங்க பிரிவு இருக்கும். மாட்டேன்னு சொன்னா, சாவியைக் கொடுத்துட்டு நீங்க கிளம்பலாம். இன்னைக்கே ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

தலைவர் ஓடிவந்து சுண்டெலிக்கு மெயில் அனுப்பினார். ‘அற்புதம்! நாளை முதல் என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. ஒரே ஒரு திருத்தம். பூதத்தின் அசிங்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நிஜத்தில் யாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.’

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘குறைச்சுத்தான் எழுதியிருக்கேன் சார்.’

“குறும்புக்காரரா இருப்பார் போல” என்று தலைவர் சிரித்தார். இன்றைக்கே நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டு எழுதினார்.

‘நாலு மணிக்கு உங்க இடத்துக்கே வரேன் சார்.’

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவர் தலையைச் சீவிக்கொண்டார். சீப்பிலிருந்த முடியைச் சுருட்டித் தரையில் விட்டார். மேசையில் வரிசை கட்டியிருந்த டீக் கோப்பைகளைக் கணினிக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. வாளியும் துடைப்பானுமாக வந்தது, ஆபீசைத் துடைக்கிற அம்மா. தலைவர் எரிச்சலோடு கழுத்தை வளைத்து, அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அம்மா, வழியை மறைக்காம அந்தப் பக்கம் போங்க. முக்கியமான எழுத்தாளர் ஒருத்தர் வரப்போறாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் எனக்கு வேலையே.”

அந்த அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. நேராக அவருடைய மேசைக்கே வந்து, வாளியைக் கீழே வைத்தார்.

“சாமி, காலைக் கொஞ்சம் தூக்குங்க.”