இருநூறுக்கு மேலே

வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. ஃப்ளாஷ் இல்லாவிட்டால் இரண்டு முகமும் கறுத்துப் போகும்.

ஸ்டூடியோவிலிருந்து படமெடுக்க வந்தவள் கேமராவை நெட்டுவாக்கில் திருப்பினாள்.

இடப்பக்கம் தவமணி. வலப்பக்கம் கல்யாண மண்டபத்து முதலாளி, வெள்ளைச் சட்டையில். நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய தையல் மிஷின்.

போன மாதம் இந்த மண்டபத்து மலக்குழியில் இறங்கிய தவமணியின் புருஷன் ஏறி வரவில்லை.

அதற்குத்தான் மிஷின். அதற்குத்தான் படம்.

"கொஞ்சம் சிரிக்கச் சொல்லும்மா," என்றார் முதலாளி.

அவள் விரல் ஷட்டர் டயலுக்குப் போனது.

ஷட்டர் வேகத்தை இருநூறுக்கு மேலே வைத்தால் ஃப்ளாஷ் படம் முழுக்க விழாது. ஒரு பக்கத்தை ஷட்டரே மூடிவிடும். ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இப்படி நெட்டுவாக்கில் பிடித்தால் எந்தப் பக்கம் மூடும் என்பதும் தெரியும்.

டயலைத் திருப்பினாள். ஐந்நூறு.

வெளிச்சம் அடித்தது.

முதலாளி வந்து ஸ்கிரீனில் குனிந்தார். தவமணியும் எட்டிப் பார்த்தாள்.

தவமணியின் முகம் துலக்கமாக இருந்தது. மூக்குத்தி கழற்றிய துளைகூடத் தெரிந்தது. மிஷின் பாதி. அதற்கப்பால் இருட்டு.

"என்னம்மா, என்னையே காணோம்?"

"வெயில் சார்."

"அவ மட்டும் நல்லாத்தான தெரியுறா? அவளுக்கு வேற வெயிலா?" மிஷின் வந்த வேன் பக்கம் கை காட்டினார். "மிஷினத் திரும்ப ஏத்துங்கப்பா. எடுக்கத் தெரிஞ்ச ஆளா வரச் சொல்லி இன்னொரு நாள் குடுத்துக்கலாம்."

இரண்டு பேர் வந்து மிஷினைத் தூக்கப் போனார்கள்.

தவமணி அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, ஒழுங்கா எடு."

கேமராவைப் பிடித்திருந்தவளுக்குக் காது சுட்டது. கோபப்பட்டது இவள். போக இருந்தது தவமணியின் மிஷின்.

டயலை இறக்கினாள். இருநூறு.

வெளிச்சம் அடித்தது.

எல்லாம் தெரிந்தது. முதலாளியின் பல்வரிசைகூட. சக்கரத்தை விடாத தவமணியின் கைகூட.

"இதான் படம். பெருசாப் போட்டு மண்டபத்து வாசல்ல மாட்டணும். அந்தக் கண்றாவிய அழிச்சிரு."

"அழிச்சிட்டேன் சார்."

மிஷினை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு இறுக்கும்வரை தவமணி பக்கத்திலேயே நின்றாள். முதலாளியின் கார் கேட்டைத் தாண்டியது.

பிறகு தவமணி அவளிடம் வந்தாள். வெயில் படாமல் கேமராவுக்கு மேலே முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"நீ அழிச்சிருக்க மாட்ட," என்றாள். "காட்டு."