மாலையும் கழுத்துமாக

பழைய பேய்ப்படம், ராட்சதன் படம் என்றால் சங்கரன்கோவில் சௌந்தரபாண்டியனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முன்பொருநாள் டிவியில் ஓர் அபூர்வமான கறுப்பு வெள்ளை ராட்சதன் படம் ஓடியபோது, வேறு கேசட் அகப்படாமல் கல்யாணக் கேசட்டிலேயே அதைப் பதிந்துவிட்டார். "நம்ம கல்யாணத்த ராட்சசன் தின்னுட்டாம்லா" என்று அவர் மனைவி புஷ்பம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போனபிறகு, கேசட்டின் கடைசியில் கல்யாணம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்று டெக்கில் போட்டுப் பார்த்தார். மிஞ்சவில்லை. ஆனால் ராட்சதனுக்குப் பயந்து வெள்ளைக்காரக் கூட்டம் தெருவில் ஓடும் காட்சியில் புஷ்பமும் ஓடினாள். பட்டுச்சேலை கட்டி, மாலையும் கழுத்துமாக.

தினமும் பார்த்தார். முதலில் எல்லாருக்கும் முன்னால் ஓடியவள், போடப் போடப் பின்தங்கினாள். நேற்று அவள்தான் கடைசி. போடாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை.

இன்று ராயகிரியில் கட்டிக்கொடுத்த மகள் அபிஷா வந்திருந்தாள். தெருவெல்லாம் தறிச் சத்தம். டிவியில் ஓடிய படத்தைப் பார்த்ததும் அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"ஏம்ப்பா, அம்மா எதுக்கு அங்கன ஓடுதா?"

ராட்சதனின் நிழல் மாலைமேல் விழுந்தது. சௌந்தரபாண்டியன் பாய்ந்து பாஸ் பட்டனை அமுக்கினார். புஷ்பம் திரும்பி இவர்களைப் பார்த்தபடி நின்றாள்.

"அணைச்சிருங்கப்பா!"

"அணைச்சா அவ அங்கனல்லா கிடப்பா, மக்கா."

பழைய டெக். நிறுத்திவைத்த படத்தை அது ரொம்ப நேரம் தாங்காது, தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அவர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.

நின்ற படத்தில், மாலையிலிருந்து ஒரு பூ மட்டும் உதிர்ந்தது.