தயாபரன் பல்லில் அன்பளிப்பு

இப்போதெல்லாம் மாப்பிள்ளையின் முன்பல்லில் பெண்ணின் பெயர் இல்லாமல் கல்யாணம் நடப்பதில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து. மணமேடையில் பெண் லென்ஸ் வைத்துப் படித்த பிறகுதான் கெட்டிமேளம். அந்த எழுத்தை லேசரில் வெட்டுகிற கடை என்னுடையது.

போன வாரம் என் கிளாஸ்மேட் தயாபரன் வந்து, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான்.

“மாதங்கின்னு போடு மச்சான்.”

மூன்று வருடம் மாதங்கிக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பின்னலையே பாடமாகப் படித்தவன் நான். காதலை மட்டும் சொல்லவில்லை. இந்தத் தடியன் ஒரே செமஸ்டரில் சொல்லிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் லேசரை எடுத்தேன். தொழில் அல்லவா?

பெயரை வெட்டினேன். கல்யாணப் பாத்திரத்தில் போடுகிற மாதிரி, அதற்குக் கீழே இன்னொரு வரியும் வெட்டினேன்: ‘அன்பளிப்பு: பா. குமணன்.’ அவள் ஒருத்தி படித்தால் போதும், புரிந்துகொள்வாள்.

மண்டபத்தில் லென்ஸைப் பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். அறுநூறு பேர் என் பெயரைப் படித்தார்கள். தவில்காரர் குச்சியை ஓங்கியபடியே நின்றுவிட்டார்.

“யாருடா இந்தக் குமணன்?” என்றாள் மாதங்கி, மைக்கிலேயே.

“நம்ம கிளாஸ்தான்டி. உனக்குப் பின் பெஞ்ச்.”

அவள் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தாள்.

“எனக்குப் பின்னாடி பெஞ்ச் இருந்துச்சா?”

கெட்டிமேளம் கொட்டியது.