பின்னால் போகாத பஸ்

திஹோமிர் கியரிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடிக்கு மேலே தொங்கிய புனித நிக்கொலாஸ் படத்தைப் பார்த்து மூன்று முறை சிலுவைக்குறி போட்டார். "மன்னிச்சிடுங்க கோச். உசிரே போனாலும் பின்னால எடுக்க மாட்டேன்" என்றார்.

அணியின் பஸ் பாலத்தின் நடுவில் நின்றது. எதிரே ஒரு கல்யாண ஊர்வலம்: பதினோரு கார்கள், முதல் காரின் ஜன்னலில் கொடி, விடாத ஹார்ன் சத்தம். பாலமோ ஒரு வண்டி அகலம்தான்.

பயிற்சியாளர் வுகாஷின் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. ஆறு மணிக்கு ஸ்கோப்யேவில் ஆட்டம், நடுவில் எல்லைச் சாவடி வேறு. ஆறு நாட்டு கிளப்புகள் மோதும் கூடைப்பந்து லீக்கில் இது சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் லீக்கை விட்டு வெளியே, வுகாஷின் கிளப்பை விட்டு வெளியே.

திஹோமிரைத் திட்டவும் முடியவில்லை. அக்டோபரில் முதல் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது அவர்தான் சொன்னார்: "ஆடப் போற வண்டி பின்னால போகக் கூடாது கோச். போனா ஜெயமும் பின்னால போயிடும்." வுகாஷின் சிரித்தார். அன்று ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. அதுவே கிளப்பின் சட்டமாகிவிட்டது. தோற்ற நாட்களில் பழிபோட வேறு ஏதாவது கிடைத்தது.

அந்தச் சட்டத்தோடு ஏழு மாதம் ஓடியது. ஸாதரில் பதிவு செய்த ஓட்டல் முட்டுச்சந்தில் இருக்கிறது என்று அதையே விட்டார்கள். பொட்கோரிட்சாவில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு முப்பது கிலோமீட்டர் சுற்றினார்கள். எந்த ஊர் ஆனாலும் திஹோமிர் பெரிய மைதானமாகப் பார்த்து, ஒரு வட்டம் அடித்து, வெளிவாசலைப் பார்த்தே வண்டியை நிறுத்துவார். ஜனவரியில் ஹீட்டர் செத்தபோது கிளப் தலைவரிடம் கேட்டுப் பார்த்தார்கள். "வண்டி முன்னால போகுதில்ல? அப்புறம் என்ன?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

வுகாஷினுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. இந்த சீசனில் மகள் முகத்தைப் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான்.

முதல் காரிலிருந்து மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்தார், கையில் பிளம் சாராயப் புட்டி. "ஏம்பா நெட்டைப் பசங்களா! வண்டியைப் பின்னால எடுங்க. பொண்ணு ஏறின வண்டி திரும்பினா, பொண்ணும் அப்பன் வீட்டுக்குத் திரும்பிடுவா."

"எங்க வண்டி திரும்பினா நாங்க மொத்தப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் வுகாஷின்.

"நீங்க பந்து விளையாடுறவங்க. இது ஒரு குடும்பம்ங்க!"

"எனக்கும் ஒரு குடும்பம் இருக்கு. அது சாப்பிடுறதே அந்தப் பந்துலதான்."

இருபது நிமிடம் போனது. மணப்பெண் ஜன்னலில் தலையை நீட்டினாள். "மாமா, நான் இந்தப் பாலத்துலயே குடித்தனம் வைக்கணுமா?" என்று கத்தினாள்.

பஸ்ஸுக்குள் கேப்டன் ஓக்னியன் நீண்ட கால்களை மடக்க முடியாமல் முனகினான். "அந்தப் பொண்ணு கேக்குறது நியாயம்தான் கோச்."

வுகாஷின் தளர்ந்துபோனார். போய்ச் சேராமலே தோற்பதைவிட ஆடித் தோற்கலாம். "திஹோ அண்ணே, நான் சொல்றேன். பாவம் என் தலையில. பின்னால எடுங்க."

திஹோமிர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் கோச், ஒரு வழி இருக்கு. நான் நியூட்ரல்ல போடுறேன், பசங்க இறங்கித் தள்ளட்டும். வண்டி தானா பின்னால போனாத்தான் தோஷம். மனுஷன் தள்ளினா அது கணக்குல வராது."

இந்த அணிமேல் தன்னைவிட நம்பிக்கை வைத்த ஒரே ஆள் இந்தக் கிழவர்தான் என்று வுகாஷினுக்குத் தோன்றியது.

ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். வுகாஷினும் தோள் கொடுத்தார். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தான், மாமா புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கை வைத்தார். முக்கி முனகி பஸ் பாலத்தை விட்டு இறங்கியது. ஊர்வலம் கடந்து போகும்போது மாமா புட்டியை நீட்ட, "ஆட்டம் முடிஞ்சு" என்று வுகாஷின் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு அரங்கம் சேர்ந்தார்கள். பஸ்ஸைத் தள்ளியதே உடற்பயிற்சி என்று இறங்கி ஆடினார்கள். கடைசி நொடியில் ஓக்னியன் எறிந்த பந்து வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மனமில்லாமல் உள்ளே விழுந்தது. ஒரே ஒரு புள்ளியில் வெற்றி.

யாரும் துள்ளிக் குதிக்கவில்லை, காலில் தெம்பில்லை. குளித்துவிட்டு வந்து அவரவர் சீட்டில் சாய்ந்தார்கள்.

வுகாஷின் முன்சீட்டில் உட்கார்ந்து புட்டியைத் திறந்தார். "அடுத்த சீசனும் நாம லீக்ல இருக்கோம் அண்ணே. தலைவர் போன்லயே அழுதுட்டார். என்ன வேணுமோ கேளுன்னார். நான் ஒண்ணுதான் கேட்டேன். ஓட்டுறது நீங்கதான், சட்டமும் அதேதான். ஒரு அடிகூடப் பின்னால போகக் கூடாது."

சாவியைத் திருகப் போன திஹோமிரின் கை நின்றது. நிக்கொலாஸ் படத்தைப் பார்த்தார். பிறகு வுகாஷினைப் பார்த்தார்.

"அப்படியே ஒரு ரிவர்ஸ் கியரும் கேட்டுடுங்க கோச். இதுல இருந்தது அக்டோபர்லயே உடைஞ்சுபோச்சு."