டோக்கன் நம்பர் ஒன்று

"வாங்க, உட்காருங்க. பேரு வேணாம். ஏன் வந்தீங்கன்னும் கேக்க மாட்டேன்."

எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தின் ஆலோசகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மையம் திறந்து மூன்று மாதமாகிறது. ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாதமும் பதிவேடு காலியாக இருந்தால் இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. இன்றுதான் மாதக் கடைசி.

இந்த மனிதரோ கால்மணி நேரம் வாசலில் நின்று போர்டையே அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளேயே வந்துவிட்டார்!

"மேடம், நான் எதுக்கு வந்தேன்னா..." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார்.

"அதெல்லாம் உள்ள வைங்க. இங்க நீங்க வெறும் நம்பர் ஒண்ணு, அவ்வளவுதான்."

"இல்லீங்க, என்னை அனுப்பினதே..."

"யாரு? உங்க சம்சாரமா?"

"ஐயோ, அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றாள், அதுவரை ஒருவரைக்கூடப் பார்த்திராத ஆலோசகி.

மூன்று மாதமாகத் தேக்கி வைத்திருந்த பேச்சு மடை திறந்தது. பால்வினை நோய், பாதுகாப்பு, சிகிச்சை எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. மேசை இழுப்பறையிலிருந்து மர மாதிரியை எடுத்து, ஆணுறை மாட்டும் முறையைச் செய்தே காட்டினாள். பாவம், மனிதர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லக் கேட்டார். "மேடம்... கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தப்பு... பத்து வருஷம் ஆச்சு. இப்பப் பாத்தாலும் தெரியுமா?"

"நல்லாவே தெரியும். பாக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. தொற்று எதுவும் இல்லை. மனிதர் பொலபொலவென்று அழுதுவிட்டார். "பத்து வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு மேடம்!"

அவளுக்கும் கண் கலங்கியது. பதிவேட்டில் கொட்டை எழுத்தில் 'ஒன்று' என்று எழுதினாள். அப்பாடா, மையம் பிழைத்தது!

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை மறுபடி உருவினார்.

"ஆபீஸ்ல அனுப்பினாங்க மேடம். இந்த மாசம் யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டுட்டு, வரலைன்னா போர்டைக் கழட்டிட்டு வரணுமாம். வெளிய ஏணிகூட வச்சிருக்கேன்" என்றவர், காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "ஒருத்தர் வந்தார்னு எழுதிக்கறேன்."