மாஸ்டரின் நாலாவது மெட்டு

பல்லவி முடிவதற்குள் வசந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது.

இது கேட்ட மெட்டு.

போச்சு. நாலாவது வருஷமும் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

மேடையில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆர்மோனியத்தில் மூழ்கிக் கிடந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை இம்மி பிசகாமல் வெட்டுகிற கை. பாட்டென்று வந்தால்தான் கணக்கு உதைக்கும்.

நூலக மாடியில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்ட பாட்டைப் பாடலாம். சினிமாப் பாட்டு கூடாது. பாடி முடித்ததும் அருள்தாஸ் வாத்தியார் சபையைப் பார்த்து, இந்த மெட்டை யாராவது முன்னே கேட்டிருக்கிறீர்களா என்பார். பத்து வரை எண்ணுவார். அதற்குள் ஒருவர் கையைத் தூக்கி, இன்ன இடத்தில் கேட்டது என்று சொல்லிவிட்டால் பாட்டு விழுந்தது. எல்லாரும் சிரித்துக் கைதட்டி இறக்கிவிடுவார்கள்.

மாஸ்டர் மூன்று தடவை இறங்கியிருக்கிறார்.

முதல் வருஷம் ஒரு பழைய படப் பாட்டு. அடுத்த வருஷம் ஆடி மாசமெல்லாம் கோயில் ஒலிபெருக்கியில் அலறுகிற பாட்டு. போன வருஷம்தான் கொடுமை. சோப்புத்தூள் விளம்பரம்.

திருட்டுப் புத்தியெல்லாம் கிடையாது. காதில் விழுந்தது உள்ளே போய்க் கிடந்து, ஒருநாள் தானாகப் பிறந்ததுபோல எழுந்து வரும். நம்பிவிடுவார், பாவம்.

கிளம்பும்போது அவளிடம் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் விழுந்தால் ஆர்மோனியத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவாராம். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை அது.

அவள் பதறிப்போய்த் தேடினாள்.

எந்தப் படம்? படம் இல்லை. கோயில் பாட்டா? அதுவும் இல்லை. விளம்பரமா? கிடையவே கிடையாது.

அனுபல்லவி மேலே ஏறி, ஒரு இடத்தில் தயங்கி நின்று, மெல்ல இறங்கியது.

அந்த இறக்கத்தை அவர் பாடுவதற்கு முன்பே அவள் தொண்டை பாடிவிட்டது.

அட.

இது அவளுடையது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டே, அவருக்கு டிபன் கேரியர் அடுக்கிக்கொண்டே முனகுவது. வார்த்தை கிடையாது. எப்போது தொடங்கியது என்றும் தெரியாது, கல்யாணமாகி வந்த புதிதில் இருக்கலாம். அதை ஒரு பாட்டென்று அவள் நினைத்ததே இல்லை.

உப்புத் தீர்ந்துவிட்டது என்று மூன்று தடவை சொன்னாலும் காதில் ஏறாத மனுஷன். இதைப் போய்க் கேட்டிருக்கிறார். பதினெட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறார். கேட்டது அவருக்கே தெரியாது.

கோபம் வரவேண்டிய இடம்தான். வந்தது சிரிப்பு. பின்னாலேயே கண்ணும் கலங்கியது. சந்தோஷம்தான், வேறென்ன.

பாட்டு பாதியில் நின்றது.

"சரணம் வரமாட்டேங்குதுங்க," என்றார் மைக்கில். "ஆறு மாசமா ஒக்காந்து பாக்கறேன். இது வரைக்கும்தான் வருது."

எப்படி வரும்? அவள் சரணத்துக்குப் போய்ச் சேரும்போது அவர் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

அருள்தாஸ் வாத்தியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

ஒன்று.

பின் வரிசையில் யாரோ மெட்டை முனகிப் பார்த்தார்கள். பிடிபடவில்லை.

நான்கு.

அவள் கையைத் தூக்கலாம். பொய்யொன்றும் இல்லையே. இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, இது என்னுடையது என்று சொல்லலாம். அவள் இதுவரை எதையும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

ஏழு.

மேடையைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்காமல் ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கொடுக்க மனசில்லாத பிடி அது.

அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்து.

கைதட்டு அடங்க நேரமாயிற்று. பாட்டு தேறிவிட்டது, அடுத்த வருஷம் சரணத்தோடு வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் மைக் வயரில் தடுக்கி, சமாளித்து, பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தார். ஒரு கைகூடத் தூக்கவில்லை பார்த்தாயா என்று அவளிடம் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை.

கேரியரை வாங்கி மாட்டிக்கொண்டு அவர் வாசலில் வண்டியைக் கிளப்பினார்.

வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வந்தாள். வண்டி தெருமுனையைத் தாண்டட்டும் என்று இன்று காத்திருக்கவில்லை. நேராகச் சரணத்தில் தொடங்கினாள், முனகலாக இல்லாமல், வாய்விட்டு.

வண்டிச் சத்தம் நின்றது.

அவள் நிறுத்தவில்லை.