முதல் டிஸ்க்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிஸ்க் எதுவும் இல்லையாம்.

அவள் ஒன்றும் புரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு?" பக்கத்து ஸ்டூலில் இருந்து அருமைநாயகம் எட்டிப் பார்த்தான்.

"பொறுங்க."

அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே எழுத்து.

வராது. வராது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க். ஒவ்வொன்றின் முதுகிலும் அரிசி அளவில் ஒரு ஜம்பர். ஒன்றை மாஸ்டர் என்று வைக்க வேண்டும், மற்றதை ஸ்லேவ் என்று. இரண்டையும் மாஸ்டராக வைத்துவிட்டால் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். கம்ப்யூட்டர் இரண்டையுமே கண்டுகொள்ளாது.

ஹார்டுவேர் படிக்க வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு இது. ஒன்பது வருஷமாக இதே வேலை பார்க்கிறவள் வேண்டுமென்றே செய்திருந்தாள்.

ஒரு டிஸ்க் அவளுடையது. இன்னொன்று ஜெசிந்தாவுடையது.

ஜெசிந்தா அருமைநாயகத்தின் முதல் மனைவி. எட்டு மாதக் கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாளைக்கு அவளுடைய நினைவு நாள் பூசை. அந்த டிஸ்க்கில் அவள் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. அவள் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"பிள்ளை ஒரு தடவையாவது கேக்கட்டும்" என்று பரணில் இருந்து இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பிள்ளை அனிலாவுக்கு ஐந்தரை வயது. இவளை அம்மா என்பாள். சுவரில் இருப்பவளைப் போட்டோ அம்மா என்பாள்.

போட்டோவோடு இவளுக்குச் சண்டை இல்லை. போட்டோ பேசாது. குரல் அப்படியா? பிள்ளையின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அப்புறம் யார் கிளப்புவது?

செத்தவளோடு என்ன போட்டி என்று கேட்கலாம். போட்டிதான். வயிறு எரிகிறதே, என்ன செய்ய?

"செத்துப்போச்சோ?" என்றான் அவன்.

"ம். செத்துப்போச்சு."

அவன் ஜெசிந்தாவின் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டான். கொண்டுவந்த பூத்துவாலையிலேயே மறுபடி சுற்றினான்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எது ரிப்பேர்னாலும் அந்தத் தங்கச்சியவே கூப்பிடுங்க, அது பொய் சொல்லாதுன்னு ஜெசிந்தா அப்பவே சொல்லுவா."

இவளுக்குச் சுருக்கென்றது.

அந்தத் தங்கச்சி இவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு மேசைக்கடியில் குனிந்து சவுண்ட் கார்டு மாட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிற்றோடு ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவன் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏதாவது பாடுங்கக்கா என்று கேட்டதும் இவள்தான்.

அன்றைக்கு பஸ்ஸில் வீடு போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. நமக்கு இப்படி ஒருத்தன் வாய்க்கலையே.

இப்போது ஆரஞ்சு உரிப்பவன் இவள் வீட்டில் இருக்கிறான். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"குடுங்க. இன்னொருக்கா பாக்கேன்."

அவன் கொடுத்தான்.

துவாலையைப் பிரித்தாள். ஜெசிந்தாவுடையதை ஸ்லேவாக மாற்றினால் போதும், ஒரு நிமிஷ வேலை. இடுக்கியும் அங்கேதான் போனது.

டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர். மங்கிப்போன நீல மையில் இவளுடைய பழைய கையெழுத்து.

ஜெசிந்தா அக்கா. மாஸ்டர்.

இடுக்கியை எடுத்துவிட்டாள். தன்னுடைய டிஸ்க்கைத் திருப்பி, அதன் ஜம்பரைப் பிடுங்கி ஸ்லேவில் செருகினாள்.

இரண்டையும் கேபிளில் மாட்டி ஆன் செய்தாள். செட்டப்புக்குள் போய், எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்று சொல்கிற பூட் ஆர்டரைத் திறந்தாள். பழைய டிஸ்க்கை முதலில் வைத்தாள்.

டிஸ்க் கரகரத்துக்கொண்டு சுற்றியது. ஜெசிந்தா போட்டு வைத்திருந்த வாத்துக்கூட்டப் படம் திரையில் வந்தது.

அவன் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டான்.

மூலையில் அந்த ஃபைல். அழுத்தினாள்.

ஜெசிந்தா பாடினாள். பாதியில் வரி மறந்து சிரித்தாள். மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.

உள்ளே விளையாடிக்கொண்டிருந்த அனிலா வந்து நிலைப்படியில் நின்றாள். அசையாமல் கேட்டாள். அந்த முகத்தைப் பார்க்க இவளுக்குத் தைரியம் இல்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் கொஞ்சம் இரைச்சல். பிறகு இன்னொரு குரல்.

"போதும்க்கா. நல்லா விழுந்திருக்கு."

அது அங்கே இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

"ஏ, அம்மா!"

அனிலா ஓடிவந்து அவள் மடியில் ஏறினாள். "அம்மா, இது நீதான! நீ பேசுத!"

வெட்கம் இல்லாமல் ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அத்தனை நேரம் ஜெசிந்தா பாடியிருக்கிறாள். இவள் சொன்னது ஒரே ஒரு வரி. பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்தது.

"அப்ப பாடுனது யாரு? போட்டோ அம்மாவா?"

அருமைநாயகம் மேசையில் கிடந்த வெறும் துவாலையை எடுத்து மடித்தான்.

அவள் பிள்ளையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"போட்டோ இல்லட்டி" என்றாள். "அம்மா."

பாட்டை முதலில் இருந்து போட்டாள்.